பழைய மரமும் புதிய மெருகும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பத்தாண்டுகளில் இம்மன்றத்தில் மரத்தைப் பாடாத கவிஞர் ஒருவரும் இல்லை. ஆலும் அரசும் புன்னையும் வேம்பும் நம் கவியரங்குகளுக்குப் போதிய அளவு நிழல் தந்துவிட்டன. ஆனால் அம்மரம் வெட்டுண்டு, அறுபட்டு, இழைக்கப்பட்டு, நாற்காலியாகவும் பெட்டியாகவும் ஊஞ்சற்பலகையாகவும் நம் வீட்டுக்குள் வந்தபின் அதைப் பற்றிப் பேசியவர் குறைவு. விழாக் குழுவினர் எனக்கு இலக்கியத் தலைப்பு ஒன்றையே அளிக்க எண்ணினர். பழைய மரச்சாமான்களை வீட்டிலேயே புதுப்பிப்பது பற்றிப் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் உண்டு. நம்மில் பலர் ஊரிலுள்ள பழைய வீட்டைப் பூட்டவோ பங்கிடவோ விற்கவோ வேண்டிய வயதுக்கு வந்துவிட்டோம். கூடத்தில் கிடக்கும் சாமான்களில் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுவிடுவது என்று அண்ணன் தம்பிகள் கூடி நின்று பேசும் நாள் எல்லார் வீட்டிலும் வருகிறது. எடுத்து வந்ததை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களும், நிலைகளும், பெட்டிகளும் அங்கே வரிசையாக விலைக்கு நிற்கின்றன. அவற்றில் சில தம் பழைய தோலோடு நிற்கின்றன. சில தோலுரிக்கப்பட்டு நிற்கின்றன. இந்த வேறுபாட்டைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் உடையதை மரம் என்றும் வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. அக்கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினம். இதை நாம் தேர்வுக்குப் படித்து மறந்தோம். தச்சர் மறக்கவில்லை. மரம் வாங்கப் போகும் தச்சர் முதலில் பார்ப்பது வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்பதையே. தேக்கின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் தீண்டாது. அதே தேக்கின் வெளிப்புற வெள்ளைப் பகுதி உளுத்துப்போகும். ஆகவே பழைய சாமான் ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலை அதைக் கவிழ்த்துப் பார்ப்பது. அடிப்புறத்திலும் இழுப்பறையின் முதுகிலும் மெருகு ஏறியிராது. மரம் தன் இயல்பான முகத்தோடு இருக்கும். சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அச்சாமானை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதற்கு மருந்திட்ட பின்னரே மெருகைப் பற்றி எண்ண வேண்டும்.

கவிழ்த்துப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. எந்தக் கால் எந்த மூலைக்கு உரியது என்று மறவாதிருக்கத் தச்சர் உளியால் இட்ட கோடுகள் அங்கே தென்படும்: ஒரு கோடு, இரு கோடு, மூன்று, நான்கு. சில மூட்டுகளில் இரும்பாணி இராது. மூங்கில் ஆணி இருக்கும். மூங்கிலாணி துருப்பிடிப்பதில்லை, மரத்தைக் கறுக்கச் செய்வதுமில்லை. மரபியலின்படி சொன்னால், ஒரு புல் அங்கே மரத்தைப் பிணைத்துக் காத்து நிற்கிறது. இதை யாரேனும் பாடுங்கள்.

இனி மேற்பூச்சு. நம் பாட்டனார் காலத்து நல்ல சாமான்கள் பெரும்பாலும் அரக்கு மெருகு ஏறியவை. அதற்குத் தச்சர்கள் வழங்கும் பெயர் பிரெஞ்சு பாலிஷ். முறை பிரான்சிலிருந்து வந்திருக்கலாம். பொருள் நம் நாட்டுக் காட்டிலிருந்து சென்றது. பலாசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பிசின் அது. இன்றைய ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அதற்குப் பெயர்பெற்ற பகுதிகள். 1924-ஆம் ஆண்டிலேயே ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டுகளும் அரக்குக் கலவையால் ஆனவையே. கே.பி. சுந்தராம்பாளின் குரல் வீட்டுக்குள் வந்ததும், அதைக் கேட்டவர் சாய்ந்திருந்த நாற்காலி மின்னியதும் ஒரே பூச்சியின் உழைப்பால்.

அரக்குக்கு இரண்டு இயல்புகள். சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். முதல் இயல்பைப் பாரதத்தின் அரக்கு மாளிகை நமக்குச் சொல்லிவிட்டது. மெருகிடுபவனுக்கு முக்கியமானது இரண்டாவது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய அரக்கும் இன்று ஸ்பிரிட் பட்டால் இளகும். போட்டவனும் எடுக்கலாம், அவனுக்குப் பின் வருபவனும் எடுக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அரக்கின் பக்கம் நிற்கிறேன்.

சோதிப்பது எளிது. கண்ணில் படாத ஓரிடத்தில், பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். சில நொடிகளிலோ ஒரு நிமிடத்துக்குள்ளோ பூச்சு ஒட்டத் தொடங்கினால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ், பெயிண்ட், அல்லது அண்மைக் காலத்தில் யாரோ அடித்த பாலியூரித்தேன். இச்சோதனையைச் செய்யாமல் உப்புத்தாளை எடுப்பது, நோய் கேளாமல் மருந்து கொடுப்பது போன்றது.

பெரும்பாலோர் முதலில் எடுப்பது உப்புத்தாளைத்தான். சிலர் அதனினும் விரைவு வேண்டிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சாமானை முக்கி எடுக்கிறார்கள். பழைய பெயிண்டும் மெருகும் ஒரே நாளில் கழன்று விழும், உண்மை. கூடவே மூட்டுகளிலுள்ள பழைய பசையும் இளகிவிடும். மரம் திட்டுத்திட்டாகக் கறுக்கும். நார் எழும்பி, தடவினால் பூனை நாக்குப் போலச் சொரசொரக்கும். அதன் பிறகு அதை வழவழப்பாக்க இன்னும் தேய்க்க வேண்டும். தேக்கின் மேல், ஆண்டுக்கணக்கில் ஒளியும் காற்றும் பட்டு உண்டான பழுப்புப் பொன்னிறம் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. எண்பதாம் எண் உப்புத்தாள் அதைத் தின்பதற்கு அரைமணி நேரம் போதும். மீண்டும் அந்நிறம் வர இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். சாயம் பூசிச் செய்யும் நிறம் அதற்கு ஈடாவதில்லை; கிட்டே சென்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் செய்யும் முறை மெதுவானது. முதலில் மென்மையான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கிறேன். ஈரம் காய்ந்தபின் டர்பண்டைன் தொட்ட துணியால் இன்னொரு முறை. நம் வீட்டு அழுக்கு தனி வகை. நாற்காலியின் முதுகுப் பலகையில் தலை எண்ணெய். பூசையறைப் பலகையில் விளக்குப் புகையும் மஞ்சளும் குங்குமமும். உணவு மேசையில் எல்லாமும். சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் கறுப்பு மரம் என்று எண்ணியிருந்த அலமாரி ஒன்று, மூன்று துணிகள் அழுக்கான பிறகு செந்நிறத் தோதகத்தி என்று தெரிந்தது. அதற்குப் பின் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சிறிது தேன்மெழுகு தேய்த்ததோடு சரி. பாதிச் சாமான்களுக்கு இந்தக் குளியலே போதும் என்பது என் அனுபவம்.

அரக்கு மெருகு வெடித்து, முதலைத் தோல் போல் ஆகியிருந்தாலும் அதைச் சுரண்டியெறிய வேண்டியதில்லை. மெல்லிய தூரிகையில் ஸ்பிரிட் தொட்டு மேலே ஓட்டினால் பழைய அரக்கு தானே இளகி, பரவி, வெடிப்புகளை மூடிக்கொண்டு மீண்டும் இறுகும். சூடான டம்ளர் வைத்த வெண்ணிற வளையங்களும் பெரும்பாலும் மெருகுக்குள் புகுந்த ஈரமே. ஸ்பிரிட் வாடை மட்டும் தங்கிய துணியால் இலேசாக வருடினால் மறையும். கறுப்புக் கறை வேறு. அதற்குச் சிறிது நின்று பேச வேண்டும். ஏனெனில் அது நம் தொழிலோடு தொடர்புடையது.

மரத்தில் துவர்ப்புப் பொருள் உண்டு. அதனோடு இரும்பும் நீரும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். பழைய கதவில் ஆணியைச் சுற்றிக் கண்ணுக்கு மையிட்டது போலத் தெரிவது அதுவே. நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வழியில்தான். கடுக்காயின் துவர்ப்போடு இரும்புச் சத்துள்ள அன்னபேதியைச் சேர்த்தார்கள், கறுப்பு கிடைத்தது. ஆணியின் கறையும் எழுத்தாணிக்குப் பின் வந்த பேனாவின் மையும் உடன்பிறப்புகள். ஆகவே இரண்டையும் நீக்குவது ஒரே மருந்து: ஆக்ஸாலிக் அமிலம். வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவினால் கறுப்பு கண்ணெதிரே வெளுக்கும். பிறகு நல்ல நீரால் பலமுறை கழுவித் துடைக்க வேண்டும். நஞ்சு, கையுறை வேண்டும், காய்ந்து படிந்த தூள் மூக்கில் ஏறக்கூடாது.

கணக்குப்பிள்ளை மேசையை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுதுவதற்கென்று செய்த சாய்வு மூடியுள்ள பெட்டி. மேல் விளிம்பில் மைக்கூட்டுக்கு ஒரு குழி, பேனாவுக்கு ஒரு நீள்பள்ளம். உள்ளே கணக்கும் பத்திரமும் பணமும். கர்ணம் வீடுகளில் அது வீட்டுத் தலைவருக்கு அடுத்த மதிப்புடையது. 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது அம்மேசைகளும் வேலையிழந்தன. பல, தானியப் பெட்டிகளாயின. பல, கடைத்தெருவுக்குப் போயின.

என் தாய்வழிப் பாட்டனார் கர்ணமாக இருந்தவர். அவருடைய மேசை பங்கில் என்னிடம் வந்தது. கீல்களைச் சுற்றி மழைநீர் இறங்கிக் கறுத்திருந்தது. சாய்வுப் பலகையின் வலப்புறத்தில் உள்ளங்கையளவு மைக்கறை. பேனா முனையை உதறிய புள்ளிகள். மூடியின் உட்புறத்தில் மரத்தின்மீதே எழுதிய ஒரு கூட்டல்: ரூபாய், அணா, பைசா என்று மூன்று பத்திகள். எனவே 1957-க்கு முற்பட்டது. என் தம்பி அதைப் பூசையறைக்குப் பீடமாக வைக்கலாம் என்றான். மைக்கறையைப் போக்கி, பளபளவென்று ஆக்கித் தரச் சொன்னான். தவறான ஆசை இல்லை. பூசையறையில் கறை எதற்கு?

அமிலத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அமிலத்துக்கு இரண்டும் ஒன்றே. கீலின் துருவும் பாட்டனாரின் கூட்டலும் அதற்கு ஒரே இரும்பு, ஒரே துவர்ப்பு. எது கறை, எது எழுத்து என்று நாம்தான் சொல்ல வேண்டும். கீல்களைச் சுற்றி மட்டும் தடவினேன்.

பாட்டனாரின் கை பட்ட இடம் என்ற பாசத்தால் மட்டும் நான் மையை விட்டுவைக்கவில்லை. கர்ணத்தின் பேனாவால் வாழ்ந்தவர்கள் ஊரில் உண்டு. நிலத்தை இழந்தவர்களும் உண்டு. தம் வயல் வேறொருவர் பெயருக்கு மாறியது இந்த மேசையில்தான் என்று ஊரில் ஒரு மூதாட்டி என்னிடமே சொன்னார். அவர் சொன்னது முழுவதும் மெய்யா என்று அறிய எனக்கு வழியில்லை. அவரை மறுக்கவும் எனக்கு வழியில்லை. பலகையை வெளுத்துப் பூசையறையில் வைத்துவிட்டால் அவர் சொன்னதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். தம்பிக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பீடம் ஒன்று புதிதாகச் செய்து கொடுத்தேன், வாகை மரத்தில்.

உடைந்ததைச் சேர்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தச்சர்கள் ஒட்டியது வஜ்ஜிரப் பசையால். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. அதுவும் அரக்கைப் போன்ற குணமுடையது: வெந்நீரும் ஆவியும் பட்டால் பிடியை விட்டுவிடும். எனவே ஆடும் நாற்காலியைச் சுத்தியலால் அடித்துப் பிரிக்காமல், மூட்டில் வெந்நீர்த் துணியைச் சுற்றிப் பொறுமையாகக் கழற்றலாம். பழைய பசையைக் கழுவிவிட்டு, இரவெல்லாம் குளிர்நீரில் ஊறவைத்த வஜ்ஜிரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து, கொதிக்கவிடாமல் இளக்கிப் பூசி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒருநாள் வைத்தால் போதும். நாற்றம் இருக்கும், வீட்டினர் பொறுத்தருள வேண்டும். இன்று எல்லாரும் பயன்படுத்தும் வெள்ளைப் பசை வலிமையானது, வசதியானது. ஆனால் அதில் ஒட்டிய மூட்டு அடுத்த முறை பிரியும்போது மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

போன துண்டுக்குப் புதுத் துண்டு வைக்கும்போது அதே இன மரத்தையும் அதே நார்ப்போக்கையும் தேடுகிறேன். ஆனால் அதைப் பழையது போல வேடமிடச் செய்வதில்லை. பொய்த்துளை இட்டு, புகை காட்டி, நூறாண்டுப் பழமை ஏற்றித் தரும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய திறமையை மெச்சுகிறேன், வழியை ஏற்கவில்லை. இங்கே தமிழ் படித்தவர்களுக்கு நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1894-இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டார். அதில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. சில பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்களை நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமல் இல்லை. இன்றுவரை அந்த எண்களுக்கு நேரே பாட்டு இல்லை. என் கைப்பெட்டி ஒன்றில் மூலைச் செதுக்கு உடைந்து போயிருக்கிறது. அங்கே வெறும் தேக்குத் துண்டு வைத்து மட்டமாக இழைத்திருக்கிறேன், பூ செதுக்கவில்லை.

மெருகேற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 முதல் 200 கிராம் அரக்குச் செதில்களை இட்டு இரவு முழுவதும் மூடிவைத்து, அவ்வப்போது குலுக்கி, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது, கண்ணாடியே நல்லது. கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் போனால் சரியாக உலராது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுச் சோதியுங்கள். பஞ்சை உருட்டி, பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துணியால் பொதிந்தால் அதுவே கருவி. அதில் அரக்கை ஊறவிட்டு, முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, சிறு வட்டங்களாக ஓட்டுங்கள். இறுதியில் நார்ப்போக்கில் நீளமாக. ஓட்டிக்கொண்டிருக்கும்போது கை நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும். இடையில் தொலைபேசி அடித்தால் எடுக்கக்கூடாது. மெல்லிய பூச்சுகள் பல ஏற்ற வேண்டும். கனமாக ஒன்று ஏற்றினால் பலிக்காது.

பாலியூரித்தேன் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். நாள்தோறும் குழந்தைகள் சாம்பார் சிந்தும் மேசைக்கு, அதுவும் நேற்றுச் செய்த மேசைக்கு, அது நல்லதே; அரக்கு அங்கே தாங்காது. பாட்டியின் பெட்டிக்கு வேண்டாம் என்கிறேன். பிரம்பு நாற்காலி தொய்ந்திருந்தால் அடிப்பக்கமாக வெந்நீர் தோய்த்து வெயிலில் வையுங்கள். பிரம்பு அறுந்திராவிட்டால் இறுகிக்கொள்ளும்.

எச்சரிக்கை சில. பச்சையும் நீலமும் அடித்த பழைய கிராமத்துச் சாமான்களில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, கழிவைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் செய்யவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும், விரித்துக் காயவையுங்கள். பாலிஷ் ஸ்பிரிட் குடித்தால் உயிருக்கே இறுதி. அதைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். அடுப்புள்ள அறைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

நேரம் முடிந்துவிட்டதெனத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றை மட்டும் கூறி அமர்கிறேன். செய்து பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் சிறு முக்காலியோ மணைப்பலகையோ எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வரலாம். அரக்கும் ஸ்பிரிட்டும் நான் தருகிறேன். பழைய வேட்டி நீங்கள் கொண்டுவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழைக்காற்றின் ஈரத்தில் அரக்கு வெண்மையாகப் பூத்துவிடும். தை பிறந்த பிறகு வாருங்கள்.